கார்த்திகை இஞ்சி

எங்கள் ஊருக்கு இஞ்சி ரயிலில்தான் வரும். மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம், தென்மலை புனலூர் வட்டாரத்தில் விளைந்தது, சாக்கிலும் கடவப்பெட்டியிலுமாகக் கொல்லம் பாசஞ்சரில் ஏறி, பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து, ஆரியங்காவுக் குகைக்குள் இருட்டாகி மறுபடி வெளிச்சமாகி, செங்கோட்டை ஸ்டேஷனில் வந்து இறங்கும். 1904-இல் ஓடத் தொடங்கிய பாதை. மலை ஏறி இறங்குகிற மீட்டர்கேஜ் வண்டி என்பதால் அதற்கு அவசரமே கிடையாது. வண்டி வருகிற சத்தம் முதலில் மலையில் கேட்கும், பிறகு ஊரில் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் ஆச்சி அடுக்களையிலிருந்து எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தார்சாவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

வருஷம் பூராவும் அப்படி இல்லை. திருக்கார்த்திகை கழிந்த அந்த ஒரு வாரம்தான். கோயில் முன்னால் கொளுத்திய சொக்கப்பனையின் கரி மழையில் கரைந்து தெரு ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும். கொழுக்கட்டை அவித்த பனையோலை, சுக்கும் கருப்பட்டியும் மணக்க, வளவில் ஈரமாகக் கிடக்கும். அப்போதுதான் இஞ்சிக்காரம்மா வருவாள். அவளுடைய பெயரை நாங்கள் யாருமே கேட்டதில்லை. வெள்ளை முண்டு, வெற்றிலைக் காவி ஏறிய பல், தலையில் சும்மாடு, அதற்கு மேல் செம்மண் ஒட்டிய பெட்டி. "ஆச்சியே, நல்ல இளசு கேட்டோ, நாரே இல்லா" என்று படியேறும்போதே சொல்லிக்கொண்டு வருவாள். அவள் பேசுவதில் எது தமிழ் எது மலையாளம் என்று எங்கள் வீட்டில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. ஆச்சி கல்யாணமாகி வந்தபோது அது திருவிதாங்கூர்ச் செங்கோட்டை. 1956 நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சமையல் மட்டும் இரண்டு பக்கமும் கால் வைத்தபடியே இருந்துவிட்டது. ஆவணியில் புளியிஞ்சி கிண்டுவோம், தையில் பொங்கப்பானைக் கழுத்தில் இஞ்சிக்கொத்துக் கட்டுவோம். இரண்டையும் யாரிடமோ இரவல் வாங்கியதாக நினைத்ததே இல்லை.

விலை கேட்பதற்கு முன்னால் ஆச்சி பெட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுப்பாள். இரண்டு கைப் பெருவிரலையும் முட்டுக்கொடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிப்பாள். பட்டென்று சத்தம் வர வேண்டும். ஒடிந்த இரண்டு முகத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வெட்டுவாயில் மயிரிழை மாதிரி நார் நீட்டிக்கொண்டிருந்தால், "இது சுக்குக்கு ஆகும்ளா, ஊறுகாய்க்கு ஆகாது" என்று திரும்பப் போட்டுவிடுவாள். முகம் வழவழவென்று, வெளிறிய மஞ்சளில், ஓரத்தில் ஒரு நீல ரேகை தெரிய, சாறு துளிர்த்து நின்றால் அது நல்ல இஞ்சி. நகத்தால் சுரண்டினால் தோல் வெங்காயச் சருகின் மெல்லிசில் உரிந்து வரும். உடைத்த உடனே எழுகிற வாசனை ஒன்று உண்டு. எலுமிச்சைத் தோலும் புதுமழை மண்ணும் கலந்த மாதிரி, மூக்குக்குள் குளிர்ந்து பிறகு சுடுகிற வாசனை. முற்றிய இஞ்சியில் சூடு மட்டும்தான் இருக்கும்.

சித்திரை வைகாசியில் கோடை மழை விழுந்ததும் நட்ட கிழங்கு கார்த்திகைக்கு ஆறேழு மாதம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு நாள் ஏற ஏற நாரும் காரமும் சேர்ந்தே ஏறும். இலை பழுத்துத் தாள் சாய்ந்த பிறகு தோண்டுவதெல்லாம் காயவைத்துச் சுக்காக்குவதற்கு. ஆச்சி இதையெல்லாம் மாதக் கணக்காகச் சொன்னதில்லை. "சொக்கப்பன அணைஞ்சா இஞ்சி வாங்கணும், கரும்பு வந்துட்டா வாங்கக் கூடாது" என்பாள், அவ்வளவுதான். பொங்கலுக்குக் கட்டின கொத்திலிருந்து கிடைக்கிற இஞ்சியை ரசத்துக்கும் பச்சடிக்கும் தட்டிப் போடுவாளே தவிர, பரணிப் பக்கம் கொண்டுபோக விடமாட்டாள்.

வாங்கின இஞ்சி கிணற்றடிக்குப் போகும். அங்கேதான் எங்களுக்கு வேலை. எனக்கும், பரீட்சை லீவு என்று காரணம் சொல்லி எப்போதும் எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தை மகளுக்கும். பெரிய அண்டாவில் தண்ணீர் இறைத்து ஊற்றி இஞ்சியைப் போட்டால் செம்மண் கரைந்து தண்ணீர் காவியாகும். மண் விட விட ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம் வந்துவிடும். இது யானை, இது கையை மடக்கி உட்கார்ந்திருக்கிற தாத்தா, இது கொம்பு முறிந்த ஆடு என்று நாங்கள் இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொண்டு, அவரவர் உருப்படியைத் துவைகல்லின் மேல் வரிசையாக நிறுத்தி வைப்போம். ஆச்சி வந்து, யானை என்றும் பாராமல் தும்பிக்கையை ஒடித்து இடுக்கு மண்ணைக் கழுவுவாள். அதில் எனக்கு வந்த வருத்தம் நிஜமான வருத்தம். அன்றைக்கு மத்தியானம் சரியாகச் சாப்பிடாமல்கூட இருந்திருக்கிறேன்.

தோல் சீவுவதற்கு அரிவாள்மணையோ கத்தியோ கிடையாது. மூங்கிலைப் பிளந்து, முனையைச் சரிவாகச் சீவிய சின்னப் பத்தைகள் ஆளுக்கு ஒன்று. மேல் தோலை மட்டும் வழித்து எடுக்க வேண்டும், சதையைத் தொடக் கூடாது. "மணமெல்லாம் தோலுக்கு அடியிலதாம்ல இருக்கு, ஆழமாச் சீவினா சக்கையத்தான் ஊறப்போடணும்" என்று ஆச்சி சொல்வது வேதவாக்காகக் காதில் விழும். பின்னாளில் படித்துப் பார்த்தேன், அது அப்படியேதான். இஞ்சியின் வாசனை எண்ணெய் நிறைந்த அறைகள் தோலை ஒட்டினாற்போல்தான் கூடுதலாக இருக்கின்றன. மலையாள நாட்டில் சுக்குக்குத் தோல் சீவுகிறவர்களும் மூங்கில் பத்தையைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஆச்சிக்கு அது இஞ்சிக்காரம்மாவிடமிருந்து வந்ததா, அவளுடைய அம்மாவிடமிருந்து வந்ததா என்று கேட்டு வைத்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் சீவினதும் விரல் இடுக்கெல்லாம் திகுதிகுவென்று எரியும். அது எரிச்சல் என்று தெரிய அரைமணி நேரம் ஆகும், தெரிந்த பிறகு இரவு வரைக்கும் போகாது. தண்ணீரில் கையை விட்டால் இன்னும் எரியும். ஆச்சி நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு எங்கள் கை நாலையும் தன் கை இரண்டுக்குள் வைத்துத் தேய்த்துவிடுவாள். அவளுக்கு எரியவே எரியாது. விரல் நுனியில் ரேகையெல்லாம் அழிந்துபோன கை அது. அடுப்பும் அம்மியும் அழித்தது.

சீவின இஞ்சியை வட்டம் வட்டமாக நறுக்கி, பிறகு தீக்குச்சிக் கனத்துக்கு நீளவாக்கில் அரிந்தெடுப்பது அம்மாவின் வேலை. காயவைப்பதுதான் பெரிய பாடு. கார்த்திகையில் வெயிலுக்கு எங்கே போவது? வடகிழக்கு மழை ஒரு பக்கம் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும், கணவாய்க்காற்று இன்னொரு பக்கம் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் பட்டாசலில் ஓலைப்பாயை விரித்து, அதன் மேல் தாத்தாவின் பழைய எட்டுமுழ வேட்டியைப் போட்டு, இஞ்சியை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வைப்பார்கள். அன்று இரவு நாங்கள் படுக்கிற பாய் சுவரோரத்துக்கு ஒதுங்கிவிடும். விளக்கை அணைத்ததும் வாசனை பெரிதாகிவிடும், ஓட்டின் மேல் மழை, அடுக்களையில் அணைத்தும் அணையாத அடுப்பின் கதகதப்பு, தாத்தா தூக்கத்தில் கனைக்கிற சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளை வேட்டியில் இஞ்சி படுத்திருக்கும், நாங்கள் எழுந்து நடந்தால்கூட அதன் காலை மிதித்துவிடுவோமோ என்று பயந்து சுவரைத் தடவிக்கொண்டு நடப்போம்.

மற்ற சாமான்கள் எல்லாம் அதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும். தூத்துக்குடிக் கல்லுப்பு சாக்கில் வரும், அதை அடுப்பின் மேல் வறட்டுச் சட்டியில் பொரியவிட்டு ஈரம் எடுத்துக்கொள்வார்கள். புளி போன வருஷத்துப் பழம்புளி, உப்புப் போட்டு மண்பானையில் அடைத்துக் கறுத்துப்போனது. புதுப்புளிக்கு நிறம் உண்டு, நிதானம் கிடையாது என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. வத்தல் கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த சம்பா. கருப்பட்டி உடன்குடியிலிருந்து வருகிற ஓலைக்கொட்டானில் இருக்கும். தட்டினால் கல்லுமாதிரி இருக்க வேண்டும், உடைத்தால் உள்ளே கறுப்பும் சிவப்புமாக வரி ஓட வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் என்று பேப்பரில் பார்த்ததும் சித்திக்குப் போன் போட்டேன். "அதுக்கு என்னத்துக்குக் குறியீடு, நாக்குக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

நல்லெண்ணெய் வாங்கப் போவது மட்டும் எனக்குத் திருவிழா. செக்கடிக்குத் தூக்குவாளியோடு என்னைத்தான் அனுப்புவார்கள். வாகை மரத்துச் செக்கு, கண்ணுக்கு மறைப்புக் கட்டிய மாடு, கீச்கீச்சென்று ஒரே தாளத்தில் மரத்தோடு மரம் உரசுகிற சத்தம். எள் பாதி நசுங்கினதும் செக்குக்காரத் தாத்தா கருப்பட்டியை உடைத்து உள்ளே போடுவார். அப்போதுதான் பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரிந்து வரும். அந்தக் கருப்பட்டியும் எள்ளும் கலந்து, இளஞ்சூட்டோடு, செக்கின் விளிம்பில் ஒதுங்கி நிற்கிற விழுதில் கொஞ்சம் வழித்து, "இந்தாய்யா" என்று என் உள்ளங்கையில் வைப்பார். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அதை நக்கிக்கொண்டே வருவேன். எண்ணெய் வாளியைச் சிந்தாமல் கொண்டுவர வேண்டும் என்ற பொறுப்பு ஒரு கையிலும், அந்த இனிப்பு ஒரு கையிலும். அதைவிடப் பெரிய மனிதனாக நான் அதற்குப் பிறகு எப்போதும் நடந்ததில்லை.

காயம் மட்டும்தான் வெகுதூரத்துச் சரக்கு. ஆப்கானிஸ்தானத்திலும் ஈரானிலும் ஒரு செடியின் வேரைக் கீறி வடிக்கிற பால். கடைக்காரர் கட்டிக்காயத்தைக் காகிதத்தில் சுற்றித் தருவார், சட்டைப்பையில் போட்டால் சட்டை மூன்று வெளுப்புக்கு மணக்கும். நாட்டு மருந்துச் சாமான்களோடு சாமானாக அதுவும் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் தனி டப்பாவில் இருக்கும். வத்தல்கூட அப்படித்தானே. போர்த்துகீசியர் கப்பலில் வந்து ஐந்நூறு வருஷம் ஆகிறது, அதற்கு முன்னால் நம்முடைய காரமெல்லாம் நல்லமிளகுதான். அந்தப் பழைய வகை எங்கள் வீட்டில் முழுக்க அற்றுப்போகவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வத்தல் ஆகாது என்று ஆச்சி நல்லமிளகு மட்டும் தட்டிப்போட்டு, புளியைக் குறைத்து, ஒரு சின்னக் கிண்ணம் இஞ்சி தனியாகக் கிண்டுவாள். என் தங்கை பிறந்தபோது அம்மாவின் தட்டிலிருந்து அதை ருசி பார்த்திருக்கிறேன். மெதுவாக ஏறி, தொண்டையில் நின்று, காதுவரைக்கும் போகிற காரம்.

ஊறுகாய் போடுகிற அன்று விடியுமுன்பே அடுக்களை கழுவித் துடைத்துக் காய்ந்திருக்கும். தண்ணீர்க் குடம் வெளியே போய்விடும். ஆச்சி தலைமுழுகி, முடியை உலர்த்தி முடிந்துகொண்டு உட்காருவாள். "ஏல, ஈரக்கையோட உள்ள வராத" என்ற குரல் அன்று முழுக்க எல்லோருக்கும் பொது. தாத்தாவுக்கும் சேர்த்துத்தான். மாக்கல் சட்டியைத்தான் அடுப்பில் வைப்பாள். புளிக்கு இரும்பும் ஆகாது, ஈயம் போன பித்தளையும் ஆகாது. கல்சட்டி சூடாக நேரமாகும், ஆனால் சூடானால் இறக்கி வைத்த பிறகும் வெகுநேரம் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். இஞ்சி அந்தக் கடைசிக் கொதிப்பில்தான் புளியை உள்ளே இழுக்கும் என்பாள்.

ஒரு வருஷம் அன்றைக்குச் சித்திக்கு வீட்டுக்குத் தூரம். எங்கள் வீட்டில் மசாலா வறுப்பதில் சித்திக்கு நிகர் யாருமில்லை என்று ஆச்சியே ஒத்துக்கொள்வாள். ஆனால் அந்த நாட்களில் ஊறுகாய்ச் சட்டி இருக்கிற திசைக்குக்கூட வரக் கூடாது. தார்சா மூலையில் ஒரு பாயும் ஒரு செம்புமாகச் சித்தி உட்கார்ந்திருந்தாள். நான் நடுவில் நிலைப்படியில். அடுக்களையில் வெந்தயம் வறுபடுகிறது. வெந்தயம் எப்படித் தெரியுமா? முதலில் பச்சை வாசனை, பிறகு ஒன்றுமே இல்லாத ஓர் இடைவெளி, பிறகு சட்டென்று ஒரு இனிப்பு மணம், அதைத் தாண்டி ஒரு மூச்சு விட்டால் கசப்பு. அந்த இனிப்பு மணம் தார்சாவுக்கு வந்து சேர்ந்ததோ இல்லையோ, சித்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தவள், "அத்தே, வெந்தயம் செவந்துட்டு, எறக்குங்க" என்று குரல் கொடுத்தாள். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. ஆச்சி இறக்கிவிட்டாள். பிறகு கடுகு. "வெடிக்கது கேக்கு, போதும்." பிறகு வத்தல். "இன்னும் கொஞ்சம், இன்னும்... ஆங்." சித்தி வாசலில் இருந்துகொண்டே அந்த வருஷத்து ஊறுகாயைப் போட்டு முடித்தாள். அடுத்த கார்த்திகையில் ஆச்சி முதலில் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டுவிட்டு, விரலில் கணக்குப் பார்த்து, அதற்குப் பிறகுதான் இஞ்சிக்காரம்மாவுக்கு நாள் சொன்னாள். அந்த ஒதுக்கல் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. ஒழிந்தது நல்லது. சித்தி அடுப்படியில் இருந்திருக்க வேண்டியவள்.

எண்ணெயை முதலில் காயவைப்பார்கள். காய்ந்ததும் கட்டிக்காயம் அதில் விழும், பொரிந்து, உப்பி, மேலே மிதக்கும். அதை எடுத்துவிட்டு இஞ்சி. இஞ்சி விழுந்ததும் எழுகிற சத்தம் ஓட்டின் மேல் மழை வலுக்கிற சத்தத்தோடு கலந்துவிடும், எது உள்ளே எது வெளியே என்று தெரியாது. ஓரம் பொன்னாகி, சத்தம் ஓய்ந்து, எண்ணெய்க் கொப்புளங்கள் சின்னதாகும்போது எடுத்துவிட வேண்டும். சத்தம் ஓய்ந்தால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். எடுத்ததில் பாதியை அம்மியில் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டி, பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, கொதித்து ஆறின தண்ணீரில் கரைத்த கெட்டிப்புளியை மீதி எண்ணெயில் ஊற்றுவாள். மஞ்சள்தூள், உப்பு. புளி கொதித்துத் தெறிக்க ஆரம்பிக்கும்போது நாங்கள் பின்னால் நகர்ந்துவிட வேண்டும். பச்சை வாசனை போனதும் இஞ்சி இரண்டும் உள்ளே போகும். கருப்பட்டியை உருக்கி, துணியில் வடிகட்டி, மண்ணும் தூசியும் துணியில் தங்க, பாகு மட்டும் கடைசியில் இறங்கும்.

பிறகு ஆச்சி பேசமாட்டாள். கிண்டிக்கொண்டே இருப்பாள். மர அகப்பை சட்டியின் அடியைத் தொட்டுத் தொட்டுப் போகும். சிவப்பு, காவியாகி, காவி கறுப்பாகி, கறுப்புக்குள் ஒரு மினுமினுப்பு வரும். ஓரத்தில் எண்ணெய் கோடு கட்டும். அது நடுவுக்கு வந்து குளமாக நிற்கும்போது அடுப்பிலிருந்து கட்டையை வெளியே இழுத்துவிடுவாள். உரலில் இடித்த வத்தலும் கடுகும் வெந்தயமும் காயமும் அந்தச் சூட்டில்தான் சேரும், தீயில் இல்லை. அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு தும்மல் உண்டு. தெருவில் போகிறவர்கள், "ஆச்சி வீட்டுல இஞ்சியா?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

மேலே காவியும் கீழே வெள்ளையுமாக இருந்த பீங்கான் பரணி மூன்று நாள் முன்பே கழுவி, கிடைத்த வெயிலிலும் அடுப்புச் சூட்டிலுமாகக் காய்ந்து, கவிழ்த்து வைத்திருக்கும். முழுக்க ஆறின பிறகுதான் அதற்குள் மாற்றுவார்கள். மேலே இரண்டு விரற்கடை எண்ணெய் நிற்க வேண்டும். வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, பரணியை நெல்குதிருக்குப் பக்கத்து மூலையில் வைத்துவிட்டு ஆச்சி அதற்கு ஒரு கும்பிடு போடுவாள். பத்து நாள் யாரும் கேட்கக் கூடாது. எனக்கு அந்தப் பத்து நாளும் பரணிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரே யோசனை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காதைப் பரணியில் வைத்துக் கேட்பேன். ஒரு நாள் ஆச்சி பார்த்துவிட்டாள். திட்டவில்லை. "என்ன சொல்லுது?" என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு நாள் ஆகுமாம்" என்றேன்.

வேடு அவிழ்த்ததும் முதல் கரண்டி தாத்தாவின் பழையதுக்கு. ராத்திரித் தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, நீத்தண்ணி, உப்பு, சின்ன வெங்காயம், ஓரத்தில் கறுப்பாக இஞ்சி. தாத்தா விரலால் தொட்டு நாக்கில் வைத்து, ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்துவிட்டு, "உம்" என்பார். அந்த "உம்" வருகிறவரைக்கும் அடுக்களை நிலையில் பெண்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருப்பார்கள். ராத்திரியில் மட்டும் இஞ்சி இலைக்கு வராது. பகலில் மருந்து, ராத்திரியில் ஆகாது என்று தாத்தா பிடிவாதம். நான் கேட்டுப் பார்ப்பேன். "விடியட்டும்யா" என்பார்.

பள்ளிக்கூடத்துத் தூக்குவாளியில் தயிர்ச்சோற்றின் நடுவில் குழி செய்து வைத்து அனுப்புவார்கள். மத்தியானத்துக்குள் தயிர் காவி நிறத்துக்குத் திரும்பி, இஞ்சியைச் சுற்றி எண்ணெய் வளையம் போட்டிருக்கும். என் பக்கத்து இருக்கைக்காரன் வாப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். அவன் கொண்டுவருகிற நெய்ச்சோற்றுக்கு என் இஞ்சி, என் தயிர்ச்சோற்றுக்கு அவன் கறிக்குழம்பு வாடை என்று ஏதோ ஒரு கணக்கில் நாங்கள் பங்கிட்டுக்கொள்வோம். அவன் உம்மா ஒரு நாள் சின்ன பாட்டிலைக் கொடுத்துவிட்டு, ஆச்சியிடம் கேட்டு வாங்கி வரச் சொன்னாள். ஆச்சி பாட்டிலை வெயிலில் காயவைத்து, நிறைத்து, மூடிக்கும் வாய்க்கும் நடுவில் துணி வைத்து இறுக்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த வீட்டுப் பங்கு தனி. பம்பாயில் இருந்த அத்தை வீட்டுப் பங்கு பால்பவுடர் டின்னில், ஈயம் பற்றவைத்து, ரயிலேறும்.

2010-இல் அகலப்பாதை போடுவதற்காக மலை ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி வண்டி ஓட எட்டு வருஷம் ஆனது. ஆச்சி அதற்கு முன்பே போய்விட்டாள், இஞ்சிக்காரம்மா எப்போது வராமல் போனாள் என்பது யாருக்கும் நினைவில்லை. இப்போது வண்டி பெரிது, மின்சாரத்தில் ஓடுகிறது, இஞ்சி லாரியில் வருகிறது. கடையில் கழுவித் துடைத்து அடுக்கியிருக்கிற இஞ்சி ஆடி மாதத்திலும் கிடைக்கும், அதில் பெரும்பாலும் போன வருஷத்தது. பாட்டிலில் வருகிற இஞ்சி ஊறுகாயையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வினிகரின் புளிப்பு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எள்ளெண்ணெயின் வாசனை இல்லை, வெந்தயம் எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. பசிக்கு ஆகும். பழையதுக்கு ஆகாது.

சித்தி இன்னும் போடுகிறாள். எழுபதைத் தாண்டிவிட்டாள், கண் மங்கல், ஆனால் வெந்தயத்துக்கு அவளுக்குக் கண் வேண்டியதில்லை. அவளிடம் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்ட கணக்கு இது, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அரைக்கிலோ இளம் இஞ்சிக்கு எலுமிச்சை அளவு இரண்டு உருண்டைப் பழம்புளி, கைப்பிடி வத்தல், புளியின் எடைக்குக் கருப்பட்டி, கடுகும் வெந்தயமும் இரண்டிரண்டு சின்னக் கரண்டி, சுண்டைக்காய் அளவு கட்டிக்காயம், கால் லிட்டர் செக்கு நல்லெண்ணெய், மஞ்சள்தூள் கொஞ்சம், கல்லுப்பு உங்கள் நாக்குக்கு ஒரு படி தூக்கலாக. தண்ணீர் எங்கேயும் படக் கூடாது. திருக்கார்த்திகை கழிந்ததும் சந்தைக்குப் போங்கள். ஒரு துண்டை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். நார் தெரிந்தால் வாங்காதீர்கள்.